ஹாஜிகளுக்கு நிழல் விரித்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான்

ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில் இறங்கிய நம் ஊர் ஹாஜிகளிடம் கேட்டுப் பாருங்கள். மக்காவுக்குப் போகும் பேருந்துக்காக அங்கே காத்திருந்த நேரத்தைச் சொல்வார்கள். தலைக்கு மேலே வெள்ளை வெள்ளையாகக் கூடாரங்கள் வரிசையாக நின்றதையும் சொல்வார்கள். சுற்றிச் சுவர் இல்லை. குளிர்சாதன இயந்திரத்தின் இரைச்சலும் இல்லை. வெளியே பாலைவன வெயில் கொளுத்தும்போது உள்ளே நிழலும் காற்றும் கிடைத்தன என்பார்கள்.

அந்தக் கூடாரங்களை நிற்க வைத்த பொறியாளர் யார் என்று கேட்டால் பெரும்பாலானோருக்குத் தெரியாது. டாக்காவில் பிறந்து சிகாகோவில் வாழ்ந்து, அதே ஜித்தா நகரில் உயிர் நீத்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான்தான் அவர். ஒரு காலத்தில் உலகின் மிக உயரமானதாக இருந்த கட்டடத்தைத் தாங்கி நிறுத்திய கணக்கும் அவருடையதே. நம் பிள்ளைகளில் பொறியியல் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதற்கு மேல் படிக்கலாமா, உடனே வேலைக்குப் போகலாமா என்ற பேச்சு நடக்காத வீடும் குறைவு. அந்தப் பேச்சுக்கு உதவும் என்பதால் இவருடைய வாழ்க்கையை இங்கே எழுதுகிறோம்.

ஆசிரியர் வீட்டுப் பிள்ளை

1929 ஏப்ரல் 3 அன்று, பிரிக்கப்படாத வங்காளத்தின் டாக்காவில் பிறந்தார். தந்தை அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர். பாடநூல்கள் எழுதியவர். பின்னாளில் கல்வித் துறையில் உயர் பொறுப்புகளுக்கு வந்தவர். வீட்டில் செல்வத்தைவிடப் புத்தகம்தான் அதிகம் என்று சொல்லத்தக்க குடும்பம்.

டாக்கா அர்மானிடோலா அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்குப் போனார். பிறகு கல்கத்தாவை அடுத்த சிப்பூரில் இருந்த வங்காளப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். அவர் படித்துக் கொண்டிருக்கும்போதே நாடு பிரிந்தது. 1950-ல் வகுப்புக் கலவரம் வெடித்தபோது கல்கத்தாவில் தொடர முடியாமல் டாக்கா திரும்பினார். அங்கே அஹ்சனுல்லாஹ் பொறியியல் கல்லூரியில் பட்டத்தை முடித்தார். இன்று வங்கதேசப் பொறியியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்பது அந்தக் கல்லூரிதான். கலவரத்தின் நடுவே ஊர் மாறி, கல்லூரி மாறி எழுதியும் முதல் மாணவராகத் தேறினார். அதே கல்லூரியில் விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது.

இருபத்தொரு வயதுப் பையனுக்குச் சொந்த ஊரில் மரியாதையான வேலை கிடைத்தாயிற்று. நம் வீடுகளாக இருந்தால் அடுத்து பெண் பார்க்கத் தொடங்கியிருப்போம். அவரோ மேலே படிக்க விரும்பினார்.

மூன்று ஆண்டுகள், மூன்று பட்டங்கள்

1952-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையும் அன்றைய பாகிஸ்தான் அரசின் உதவித்தொகையும் பெற்று அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அர்பானா ஷாம்பெயின் என்ற சிறு ஊரில் இருந்த அந்தப் பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலுக்குப் பேர் போனது. அங்கே மூன்றே ஆண்டுகளில் கட்டுமானப் பொறியியலில் ஒரு முதுகலைப் பட்டம், இயக்கவியலில் இன்னொரு முதுகலைப் பட்டம், அதற்கு மேல் 1955-ல் முனைவர் பட்டம் என்று மூன்றையும் முடித்தார்.

எதற்காக இரண்டு முதுகலை என்று கேட்கலாம். கட்டுமானப் பொறியியல் ஒரு தூணையோ உத்தரத்தையோ எப்படிக் கட்டுவது என்று கற்பிக்கும். இயக்கவியலோ விசை, அழுத்தம், அசைவு ஆகியவை எந்தப் பொருளுக்குள்ளும் எப்படி வேலை செய்கின்றன என்ற அடிப்படையைக் கற்பிக்கும். முதலாவதில் சூத்திரம் கிடைக்கும், இரண்டாவதில் அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். நாம் பொறியியல் படித்தவர்கள் அல்லர், மதரஸாவிலும் கலைக் கல்லூரியிலும் படித்தவர்கள். ஆனாலும் இந்த வேறுபாடு நமக்குப் புரிகிறது. ஃபிக்ஹின் சட்டத்தை மட்டும் மனனம் செய்தவர் தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்வார். அந்தச் சட்டம் எந்த அடிப்படையிலிருந்து எடுக்கப்பட்டது என்ற உஸூலையும் படித்தவர்தான் புதிதாக வரும் கேள்விக்கும் பதில் தேடுவார்.

அவருடைய முனைவர் ஆய்வு, முன்கூட்டியே இறுக்கி இழுத்த கம்பிகளைக் கொண்டு வார்க்கப்படும் கான்கிரீட் உத்தரங்களைப் பற்றியது. அப்போது அது வளர்ந்து கொண்டிருந்த புதுமுறை. குறைந்த பொருளில் அதிக வலிமை பெறுவதுதான் அதன் சாரம். பின்னாளில் அவர் செய்த எல்லா வேலைக்கும் இதுவே நோக்கமாக அமைந்தது.

திரும்பிப் போனவர், மீண்டும் புறப்பட்டவர்

1955-ல் சிகாகோவில் ஸ்கிட்மோர் ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற பெரிய கட்டடக்கலை நிறுவனத்தில் சேர்ந்தார். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. 1957-ல் நாடு திரும்பி, கராச்சி வளர்ச்சி ஆணையத்தில் பொறியாளராகப் பொறுப்பேற்றார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் நிர்வாக வேலை. கோப்புகள் நகர்ந்தன, கணக்குப் போடும் வேலை நகரவில்லை. படித்த படிப்பைப் பயன்படுத்த வழியில்லாமல் 1960-ல் மீண்டும் சிகாகோ போய், பழைய நிறுவனத்திலேயே சேர்ந்தார். 1967-ல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

இதில் யாரைக் குறை சொல்வது? நாட்டை விட்டுப் போனார் என்று அவரைச் சொல்லலாம். இப்படி ஒருவரை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நாட்டையும் சொல்லலாம். அறிவுள்ள பிள்ளைகளை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஏங்கும் சமுதாயங்கள் எல்லாமே இந்த இரண்டு பதிலையும் யோசிக்க வேண்டும். படிக்க வைப்பதோடு கடமை முடிவதில்லை. படித்தவனுக்கு வேலை செய்ய இடம் கொடுப்பதும் கடமைதான்.

மூங்கில் சொல்லும் பாடம்

1960-களில் உயரமான கட்டடங்களுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. அந்தத் தடை பாரம் அல்ல, காற்று. மாடிகள் கூடக் கூடக் கட்டடத்தின் எடை ஒரு சீராகக் கூடும். அதைத் தாங்கத் தூண்களை அதற்கேற்பப் பெரிதாக்கினால் போதும். ஆனால் பக்கவாட்டில் தள்ளும் காற்றைத் தாங்க வேண்டிய இரும்பு அப்படிச் சீராகக் கூடாது, உயரத்தோடு பல மடங்காக ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல், மாடியில் குடியிருப்பவர்களுக்காகச் செலவாகும் இரும்பைவிடக் காற்றுக்காகச் செலவாகும் இரும்பே கணக்கைக் கெடுத்துவிடும். உயரத்துக்காகக் கொடுக்கும் இந்த அபராதத்தைக் குறைப்பது எப்படி என்பதுதான் கான் எடுத்துக்கொண்ட கேள்வி.

வழக்கமான முறையில் தூண்கள் கட்டடத்தின் உள்ளே எங்கும் பரவி நிற்கும். கான் அவற்றை வெளிச்சுவருக்குக் கொண்டு வந்து நெருக்கமாக நிறுத்தினார். குறுக்கு உத்தரங்களால் அவற்றை இறுகப் பிணைத்தார். அதனால் கட்டடம் முழுவதும் ஒரே குழாயாக மாறியது. மூங்கிலைப் பாருங்கள். உள்ளே வெற்றிடம், வலிமையெல்லாம் ஓரத்தில். அதே அளவு மரத்தைக் கெட்டியான குச்சியாகச் செய்து நட்டால் அதைவிட எளிதில் வளைந்துவிடும். இந்தக் குழாய் முறையில் சிகாகோவில் 43 மாடிகளோடு எழுந்த டிவிட் செஸ்ட்நட் குடியிருப்புதான் முதல் கட்டடம்.

அடுத்தது ஜான் ஹான்காக் மையம். 100 மாடிகள், சுமார் 344 மீட்டர் உயரம். கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமும் கானும் சேர்ந்து செய்த வேலை. இதில் வெளிச்சுவரின் நான்கு பக்கமும் பெருக்கல் குறி போலப் பிரம்மாண்டமான இரும்புச் சட்டங்கள் ஏறுகின்றன. காற்றின் தள்ளுதலையும் கட்டடத்தின் பாரத்தையும் அவையே தரைக்குக் கடத்துகின்றன. 1931-ல் நியூயார்க்கில் கட்டப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ இரும்பு சென்றது. ஹான்காக் மையத்தில் அது சுமார் 145 கிலோதான்.

இந்த எண்ணை வேகமாகத் தாண்டிப் போகக் கூடாது. ஒரு டன் இரும்பைச் செய்ய மலையை வெட்ட வேண்டும், நிலக்கரி எரிக்க வேண்டும், தண்ணீர் செலவாக வேண்டும். நீடித்து நிலைக்கும் நகர வடிவமைப்பு என்ற பெயரில் இன்று பல்கலைக்கழகங்கள் முதுகலைப் பாடம் நடத்துகின்றன. கட்டடத்துக்கு எவ்வளவு பொருள் செல்கிறது, அதைக் குளிர்விக்க எவ்வளவு மின்சாரம் ஆகிறது, மக்கள் வீட்டுக்கும் வேலைக்கும் எவ்வளவு தூரம் அலைகிறார்கள் என்பவை அந்தப் பாடத்தின் முக்கியமான கேள்விகள். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே கானின் கட்டடங்கள் இந்தக் கேள்விகளைத் தொட்டுவிட்டன. ஹான்காக் மையத்தில் கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே நூற்றுக்கணக்கான வீடுகள். ஒரே கட்டடத்துக்குள் வீடும் வேலையும் கடையும் இருந்தால் கார் பயணமே தேவைப்படாத மனிதர்களும் இருப்பார்கள்.

விரயம் கூடாது என்பதை நாம் உளூச் செய்யும் தண்ணீரிலிருந்து சொல்லிக் கொடுக்கிறோம். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் தண்ணீரை அளவோடு பயன்படுத்தச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆனால் நம் வீடு கட்டும்போதும் பள்ளிவாசல் கட்டும்போதும் அந்தப் பாடம் நினைவுக்கு வருவது அரிது. இரும்பில் விரயம் செய்யாமல் கட்ட முடியும் என்பதைக் கான் கணக்குப் போட்டுக் காட்டினார்.

வகுப்பறையை விடாதவர்

கானின் வேலை நிறுவனத்தோடு நிற்கவில்லை. சிகாகோவில் உள்ள இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலை முதுகலை மாணவர்களுக்குப் பகுதி நேரமாக வழிகாட்டினார். அவரோடு சேர்ந்து அங்கே கற்பித்தவர் மைரன் கோல்ட்ஸ்மித் என்ற கட்டடக் கலைஞர். ஜப்பானிலிருந்து வந்த ஒரு மாணவர், குறுக்குச் சட்டங்கள் கொண்ட உயர்ந்த கட்டடம் ஒன்றைத் தம் முதுகலை ஆய்வுக்காக இவர்களிடம் வடிவமைத்தார். ஹான்காக் மையத்தின் முகத்தில் நாம் பார்க்கும் பெருக்கல் குறிகளுக்கு அந்த ஆய்வும் ஒரு முன்னோடி.

முதுகலை ஆய்வு என்றால் நூலக அலமாரியில் தூசி படியும் தாள்கட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல ஆசிரியர் கையில் அது நகரத்தின் வானத்தையே மாற்றும் என்பதற்கு இது சான்று.

காற்றில் கட்டடம் சற்று அசையத்தான் செய்யும். எவ்வளவு அசைந்தால் உள்ளே இருப்பவருக்குத் தலைசுற்றும்? அன்று புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. கான் சிகாகோவின் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருந்த, அசைந்து சுழலும் மேடை ஒன்றில் ஆட்களை ஏற்றி, எந்த அளவில் அசைவை உணர்கிறார்கள் என்று சோதித்துப் பார்த்தார். கட்டடம் விழாது என்ற உறுதி மட்டும் அவருக்குப் போதவில்லை. அதற்குள் வாழும் தாயும் குழந்தையும் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்தார்.

ஒன்பது குழாய்களின் கோபுரம்

1974-ல் முடிந்த சியர்ஸ் கோபுரம் அவர் புகழின் உச்சி. 110 மாடிகள், 442 மீட்டர். 1998-ல் கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரங்கள் முந்தும் வரை கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு உலகின் மிக உயரமான கட்டடம் அதுதான். ஒவ்வொரு பக்கமும் 75 அடி கொண்ட ஒன்பது சதுரக் குழாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டியது போன்ற அமைப்பு. ஒரு மூங்கிலைவிட ஒரு கட்டு மூங்கில் உறுதியானது அல்லவா? மேலே போகப் போகச் சில குழாய்கள் 50-ஆம் மாடியிலும், சில 66-ஆம் மாடியிலும், சில 90-ஆம் மாடியிலும் நின்றுவிடும். இரண்டு மட்டும் உச்சி வரை போகும். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைவிட 60 மீட்டர் உயரம் கூடுதல், ஆனால் சதுர மீட்டருக்குச் செலவான இரும்போ அதைவிடக் குறைவு.

1972-ல் அமெரிக்காவின் முன்னணிப் பொறியியல் இதழான எஞ்சினியரிங் நியூஸ் ரெக்கார்ட் அவரை ஆண்டின் சிறந்த மனிதராகத் தேர்ந்தெடுத்தது.

1971: நெஞ்சைப் பிளந்த ஆண்டு

புகழ் ஏறிக் கொண்டிருந்த அதே காலத்தில் பிறந்த மண் பற்றி எரிந்தது. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் தாக்குதலைத் தொடங்கியது. அந்த ஆண்டுக்குள் சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். அடித்தவரிலும் முஸ்லிம் இருந்தார், அடிபட்டவரிலும் முஸ்லிம் இருந்தார். எந்தக் காலத்திலும் நம் சமுதாயத்துக்குக் கசப்பான கேள்வி இது.

கான் அநீதி இழைக்கப்பட்டவர்களின் பக்கம் நின்றார். சிகாகோவில் இருந்தபடியே இரண்டு அமைப்புகளைத் தொடங்கினார். ஒன்று பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டியது. இன்னொன்று, அமெரிக்க அரசு பாகிஸ்தானுக்கு அளித்து வந்த ஆதரவை மாற்றும்படி அரசியல் தலைவர்களிடம் முறையிட்டது. தாம் குடியுரிமை பெற்ற நாட்டின் அரசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தும் வெளிப்படையாகப் பேசினார். டிசம்பர் 16 அன்று போர் முடிந்து வங்கதேசம் விடுதலை பெற்றது. 1999-ல் அந்நாடு தன் உயரிய விருதான சுதந்திர தின விருதை, மறைந்துவிட்ட கானுக்கு வழங்கியது.

ஊரை விட்டுப் போனவர் ஊரை மறந்தவர் அல்லர் என்பதற்கு அந்த ஆண்டு போதும்.

ஹாஜிகளின் கூடாரம்

விமானப் பயணம் பரவியதும் ஹாஜிகளின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. ஜித்தாவில் கட்டப்பட்ட புதிய விமான நிலையத்தில் அவர்களுக்கென்று தனி முனையம் வேண்டும் என்று சவூதி அரசு முடிவு செய்தது. கானின் நிறுவனத்துக்கு அந்த வேலை வந்தது.

கேள்வி எளிதானதல்ல. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் இலட்சக்கணக்கானவர்கள் வருவார்கள். அவர்கள் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். மீதி மாதங்களில் பெரும்பகுதி இடம் காலியாகக் கிடக்கும். முழுவதையும் மூடிக் குளிரூட்டினால் அந்தச் சில வாரங்களுக்காக மலை போல இயந்திரங்களும் மின்சாரமும் தேவைப்படும். விடை பாலைவனத்திலேயே இருந்தது. பதவீ அரபுகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கூடாரம்.

45 மீட்டர் சதுரம் கொண்ட 210 கூடாரங்கள். உயர்ந்த இரும்புத் தூண்களிலிருந்து கம்பி வடங்களால் தொங்கவிடப்பட்டவை. துணியோ சாதாரணத் துணி அல்ல. கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசியது. வெயிலின் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும், பகலில் விளக்கில்லாமல் நடமாடும் அளவுக்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். சூடான காற்று மேலே எழுந்து கூடாரத்தின் உச்சித் திறப்பு வழியே வெளியேறும். திறந்த பக்கங்களின் வழியே புதுக் காற்று உள்ளே வரும். பல்லாயிரக்கணக்கான ஹாஜிகள் ஒரே நேரத்தில் தங்கும் இந்தப் பரந்த இடத்தைக் குளிர்விப்பது நிழலும் காற்றும்தான். குளிர்சாதன வசதி விமானத்தை ஒட்டிய கட்டடங்களுக்கு மட்டுமே.

1981-ல் முனையம் திறக்கப்பட்டது. 1983-ல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது அதற்குக் கிடைத்தது. அந்தச் செய்தியைக் கேட்கக் கான் உயிரோடு இல்லை. 1982 மார்ச் 27 அன்று, வேலை நிமித்தம் சவூதி அரேபியா சென்றிருந்தபோது ஜித்தாவில் மாரடைப்பால் காலமானார். ஐம்பத்து மூன்று வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. உடல் சிகாகோவுக்குக் கொண்டு வரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது.

விட்டுச் சென்றவை

சியர்ஸ் கோபுரத்தை ஒட்டிய தெருச் சந்திப்புக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது. உயரமான கட்டடங்களுக்கான உலகளாவிய அமைப்பு அவர் பெயரால் பதக்கம் வழங்குகிறது. துபாயின் புர்ஜ் கலீஃபாவை வடிவமைத்தது அவர் பணியாற்றிய அதே நிறுவனம். அவருடைய மகள் யாஸ்மின் கானும் கட்டுமானப் பொறியாளராகி, தந்தையின் பணியைப் பற்றி விரிவான நூல் எழுதியிருக்கிறார். பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று இன்னும் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்த்துக் கொண்டிருப்பவற்றில் பயன் தரும் கல்வியும் ஒன்று என்று நாம் படித்திருக்கிறோம், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் கல்வி மார்க்கக் கல்வி மட்டும்தான் என்று சுருக்கிவிட வேண்டியதில்லை. இஹ்ராம் உடையில் களைத்து உட்காரும் முதியவருக்கு நிழல் தருகிற கணக்கும் பயன் தரும் கல்விதான்.

நம் பிள்ளை பட்டம் முடித்ததும் வளைகுடா வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலை பல வீடுகளில் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டோம், கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில் அதுவே அவன் மேல் கடமை. ஆனால் அப்படிக் கட்டாயம் இல்லாத வீடுகளிலும், இன்னும் இரண்டு மூன்று ஆண்டு படிக்கிறேன் என்று பிள்ளை வந்து நின்றால், சம்பளம் போகிறதே என்ற கணக்கு மட்டுமே முன்னால் வருகிறது. டாக்காவில் கிடைத்த விரிவுரையாளர் வேலையே போதும் என்று அந்தக் கணித ஆசிரியர் வீட்டில் முடிவு செய்திருந்தால், இவ்வளவும் வேறு யாரோ ஒருவருக்காகக் காத்துக் கிடந்திருக்கும்.

உங்கள் வீட்டில் பொறியியலோ கட்டடக்கலையோ படிக்கும் மகனோ மகளோ இருந்தால், அவர்களை உட்கார வைத்து ஒரு முறை கேளுங்கள்: மேலே படிக்க ஆசை இருக்கிறதா, எந்தப் பாடம், எதற்காக? உதவித்தொகைக்கு வழி இருக்கிறதா என்று அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். ஊர் ஜமாஅத்துகளும் சங்கங்களும் இளநிலைப் படிப்போடு உதவியை நிறுத்திவிடாமல், முதுகலை படிக்கும் சில பிள்ளைகளையாவது தாங்கிப் பிடிக்கலாம்.

மர்ஹூம் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவர் விரித்த நிழலின் நன்மையை அவருக்குத் தொடர்ந்து சேர்த்து வைப்பானாக. நம் பிள்ளைகளின் கல்வியையும் மக்களுக்குப் பயன் தரும் கல்வியாக ஆக்குவானாக. ஆமீன்.